மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு விடுதி: திருகோணமலையில் மூன்று குழந்தைகளுடன் ஐந்து நாட்கள்

முதல் நாள், வெள்ளி: நிலாவெளி

விடியற்காலை நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தில் வான் வண்டியில் ஏறினோம். அந்த நேரத்தைக் குறித்தவர் அம்மா. பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிக் கிடத்தினால் வவுனியா வரை சத்தம் இருக்காது என்றார். அவர் சொன்னபடியே மாங்குளத்தில் வானம் வெளுத்தபோதும் மூவரும் மூன்று திசையில் தலை சாய்த்துக் கிடந்தார்கள். வவுனியாவில் இடியப்பமும் சொதியும். பிறகு ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. மொத்தம் ஏறக்குறைய 235 கிலோமீற்றர்.

வானில் எட்டுப் பேர். நான், கணவர், மூன்றேகால் வயது மூத்தவன், ஒன்றரை வயதைத் தாண்டிய சின்னவள், அம்மா. பாரிஸிலிருந்து ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணா, அண்ணி, இரண்டரை வயது மருமகள். வரும் ஏப்ரலில் நாங்கள் பாரிஸுக்குப் போவதாக இருக்கிறோம். மூன்று பிள்ளைகளையும் ஒன்றாக டிஸ்னிலாண்டில் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அண்ணாவின் நெடுநாள் ஆசை. எந்த ஹோட்டலில் தங்குவது என்று நாலைந்து மாதமாகத் தொலைபேசியில் விவாதம் நடக்கிறது. பூங்காவின் வாசலிலேயே நிற்கும் ஹோட்டல் ஒன்று. ஏரிக்கரையைச் சுற்றிச் சில. இருபது நிமிட நடையில் விலை குறைந்தவை சில. காட்டுக்குள் சமையலறையோடு மரவீடுகள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று பிடித்திருந்தது. கடைசியில் அம்மாதான் சொன்னார்: "முதலில் உள்ளூரில் ஒரு விடுதியில் மூன்றையும் வைத்துப் பாருங்கள். பிறகு பிரான்ஸ் கதை பேசலாம்."

அதனால்தான் இந்தப் பயணத்தை ஒவ்வொரு இரவும் உட்கார்ந்து எழுதுகிறேன். கைக்குழந்தைப் பருவம் தாண்டி, பள்ளிப் பருவம் எட்டாத பிள்ளைகளை வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

நிலாவெளியில் நாங்கள் பதிவு செய்திருந்தது பெரிய விடுதி. தொலைபேசியில் நான் மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். நீச்சல் தடாகம் உண்டா? கடல் பக்கமா? குழந்தைக் கட்டில் தருவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நான் கேட்டதுதான் போதவில்லை. அறை இரண்டாம் மாடியில் இருந்தது, மின்தூக்கி கிடையாது. குழந்தைகள் குளிக்கும் சிறு தடாகம் 1.4 மீற்றர் ஆழமான பெரிய தடாகத்தோடு ஒட்டியிருந்தது, நடுவில் வேலி இல்லை. கொண்டுவந்து வைத்த குழந்தைக் கட்டிலில் சின்னவளின் கால் நீட்ட இடமில்லை.

இவையெல்லாம் பரவாயில்லை. என் நெஞ்சைப் பிடித்தது பல்கனி. நிலைக்குத்தான இரும்புக் கம்பிகள். பைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சின்னவள் கம்பிகளுக்கிடையே கையை நீட்டிக் காகத்தைக் கூப்பிட்டாள். கை போனது. அடுத்து தோள் போனது. தலையைச் சாய்த்து, காதை ஒரு கம்பியில் தேய்த்தபடி அவள் மேலும் தள்ளியபோது நான் பாய்ந்து இடுப்பைப் பிடித்தேன். பிறகு என் உள்ளங்கையை விரித்து இடைவெளியில் வைத்துப் பார்த்தேன். பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை தாராளமாகப் போனது. கம்பிகளுக்கு நடுவே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் சிறு பிள்ளைக்கு ஆபத்து என்பது கட்டடம் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு. பல்கனிக் கதவைப் பூட்டி, திறப்பை அம்மாவின் கைப்பையில் போட்டேன். கடல் பார்க்கும் அறை என்று கூடுதலாகக் கொடுத்த பணம் அந்தக் கதவோடு போயிற்று.

மாலையில் கடல் எல்லாவற்றையும் மறக்கச் செய்தது. மே முதல் செப்ரெம்பர் வரை இந்தக் கரையில் அலை அடங்கிக் கிடக்கும். நிலாவெளியில் முழங்கால் ஆழத்தில் வெகுதூரம் நடக்கலாம். மருமகள் தண்ணீரைப் பார்த்து அழுதாள், மூத்தவன் தண்ணீரை விட்டு வர மறுத்து அழுதான். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. பிள்ளைகள் ஏழு மணிக்கே தூங்கி விழுந்தார்கள். வானில் மீதமிருந்த வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான் அவர்களின் இரவுச் சாப்பாடு.

இரண்டாம் நாள், சனி: புறாத்தீவும் ஒரு தோல்வியும்

ஐந்தரைக்கு மூவரும் எழும்பிவிட்டார்கள். காலைச் சாப்பாடு ஏழரைக்கு. இந்த இரண்டு மணி நேரத்தை ஒரு ஹோட்டல் அறைக்குள் கழிப்பது எப்படிப்பட்டது என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

அண்ணா ஒரு நல்ல விஷயம் சொன்னார். டிஸ்னிலாண்டின் சொந்த ஹோட்டல்களில் தங்குகிறவர்களைப் பூங்கா பொதுவாகத் திறப்பதற்கு முன்பே உள்ளே விடுகிறார்கள். அதைப் பெரிய பிள்ளைகள் உள்ளவர்களுக்கான சலுகை என்று நான் நினைத்திருந்தேன். இன்று காலை மூத்தவன் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே முப்பதாவது தடவை குதித்தபோது எனக்குக் கணக்குப் புரிந்தது. விடியலில் எழும்புகிற பிள்ளைகளுக்குத்தான் அந்த நேரம் பொருந்தும். பெரிய பிள்ளைகள் புரண்டு படுத்திருக்கும் வேளையில் இவர்கள் வரிசை இல்லாமல் யானை இராட்டினத்தில் சுற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அறைக்குத் திரும்பலாம். பூங்காவுக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் அறைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. விலையை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில், பவளப்பாறைகளுக்குப் பெயர்போன தேசிய பூங்கா. 2003இல் அந்தத் தகுதி கிடைத்தது. கரையெல்லாம் உடைந்த பவளத் துண்டுகள், நிழல் குறைவு. நடை பழகும் பிள்ளைகளுக்கு அது ஏற்ற இடமில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தோம். அதனால் முறை வைத்தோம். முதல் படகில் அண்ணாவும் அண்ணியும் போனார்கள். அவர்கள் திரும்பியதும் நானும் கணவரும். பாறைகளுக்கிடையே நீலமும் மஞ்சளுமாக மீன்கள். என் நிழலைப் பார்த்து விலகிப்போன ஒரு சின்னச் சுறா. மூத்தவன் பிறந்த பிறகு நானும் அவரும் பிள்ளைகள் இல்லாமல் கழித்த முதல் ஒன்றரை மணி நேரம் அது என்று படகில்தான் நினைவு வந்தது.

பாரிஸ் பூங்காவிலும் இதே முறை இருக்கிறதாம். உயரம் போதாத பிள்ளையோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் ஏறி இறங்கியதும் காத்திருந்தவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். அங்கே சுரங்க ரயில் ஏற 1.02 மீற்றர் உயரம் வேண்டும். மூத்தவன் எங்கள் வீட்டு நிலைக்கதவின் கோட்டில் 95 சென்ரிமீற்றர். ஏப்ரலுக்குள் ஏழு சென்ரிமீற்றர் வளரப்போவதில்லை. ஆகவே அந்தக் கவலையும் தீர்ந்தது. மூவருக்கும் பொருந்துபவை உயரக் கணக்கு இல்லாத இராட்டினங்களும் படகுச் சவாரிகளும்தான்.

நாங்கள் கரைக்குத் திரும்பியபோது பதினொன்றரை. கச்சான் காற்று எழும்பியிருந்தது. இது தென்மேற்கிலிருந்து வறண்டு வரும் காற்று. இந்த மாதங்களில் திருகோணமலையின் மத்தியானத்தை ஆள்வது இதுதான். மணலை அள்ளி முகத்தில் எறியும். கடற்கரையிலிருந்து அறைக்கு நடந்தபோது கணவர் எண்ணினார். 340 காலடி. அதற்குப் பின் இரண்டு மாடி. சின்னவள் தோளில் தூங்கிவிட்டாள். மூன்றாவது படியிலேயே விழித்துவிட்டாள். அந்த ஒரு விழிப்பு முழு மத்தியானத்தையும் தின்றது. அவள் அழுதாள், அது கேட்டு மருமகள் எழும்பினாள், மூத்தவன் தூங்கவே இல்லை. நான்கு மணிக்கு மூவரும் சேர்ந்து அழுதபோது அண்ணி, "நாளைக்கு இடம் மாறுவோம்" என்று மட்டும் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு: உப்புவெளி

நகரத்துக்கு வடக்கே, ஓட்டோவில் பத்துப் பதினைந்து நிமிடத் தூரத்தில் உப்புவெளி. ஒரு குடும்பம் தங்கள் வளவின் பின்பக்கத்து வீட்டை வாடகைக்கு விடுகிறது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, எரிவாயு அடுப்போடு ஒரு சமையலறை. எல்லாம் நிலமட்டத்தில். பின்கதவைத் திறந்து அறுபது அடி வைத்தால் கடல். நீச்சல் தடாகம் இல்லை, குளிரூட்டி ஓர் அறையில் மட்டும்.

இந்தத் தடவை கேள்விகளை மாற்றிக் கேட்டேன். படி எத்தனை? குளியலறைச் சுடுதண்ணீர் எவ்வளவு சூடு? கட்டிலை நகர்த்திச் சுவரோடு ஒட்டலாமா? நுளம்பு வலை கிழிந்திருக்கிறதா? கேற்றுக்குக் கொக்கி எந்த உயரத்தில்? வீட்டுக்கார அம்மா சிரிக்காமல் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடு என்று அப்போதே தெரிந்தது.

முற்றத்தில் ஒரு மாமரம். அம்மா அதன் தாழ்ந்த கிளையைக் கையால் ஆட்டிப் பார்த்தார். பிறகு தன் பழைய நூற்சேலையை எடுத்து, கிளையில் ஒரு சாக்குத்துண்டைச் சுற்றி, அதன்மேல் கயிற்றைப் போட்டு ஏணை கட்டினார். சாக்கு எதற்கென்று கேட்டேன். கயிறு கிளையில் உராயும்போது கிறீச்சென்று சத்தம் வருமாம், அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை விழித்துவிடுமாம். சேலையின் இரண்டு தலைப்பையும் முடிந்து, முடிச்சை மூன்று தடவை இழுத்து, ஒரு தேங்காயை உள்ளே போட்டு ஆட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சின்னவளைக் கிடத்தினார். பன்னிரண்டே காலுக்குக் கண் மூடியவள் இரண்டரைக்கு எழும்பினாள். கச்சான் காற்று வேலிக்கு வெளியே வீசிக்கொண்டிருந்தது. மாமரத்தடியில் அது வெறும் தாலாட்டாக இருந்தது.

அதற்குள் அம்மா மீன் சந்தையில் வாங்கிய பாரையைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணமாக வைத்தார். பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் தனியாக எடுத்துச் சோற்றில் பிசைந்து மூன்று வாயிலும் மாறி மாறி ஊட்டினார். பெரிய விடுதியின் மேசை முழுக்க உணவு வைத்திருந்தும் என் பிள்ளைகள் பாணும் யோகட்டும் தவிர எதையும் தொடவில்லை. இங்கே தட்டு காலியாகிவிட்டது.

இரவு பெரியவர்கள் விறாந்தையில் உட்கார்ந்து மறுபடி பாரிஸ் கணக்குப் போட்டோம். ஏணையையும் பாலாணத்தையும் பார்த்தபின் அண்ணா மரவீட்டின் பக்கம் சாய்ந்துவிட்டார். டேவி க்ரொக்கெட் என்று பெயர். காட்டுக்குள் தனித்தனி வீடுகள், ஒவ்வொன்றிலும் சமையலறை. அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அங்கிருந்து பூங்காவுக்குச் சொந்தக் காரில் போக வேண்டும், ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். மத்தியானத்தில் தூங்கும் பிள்ளையைக் காரின் ஆசனத்தில் கட்டி, இறக்கி, மறுபடி கட்டி, மாலையில் திரும்பக் கொண்டுபோவதை நினைத்தபோது அந்த இரண்டு மாடிப்படியே என் கண்முன் வந்தது. நான் சம்மதிக்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். அவர் மனம் நொந்திருக்குமோ என்று எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

நான்காம் நாள், திங்கள்: கன்னியாவும் கோணேசர் கோயிலும்

ஆறரைக்கே கன்னியாவுக்குப் போய்விட்டோம். அந்த நேரத்தில் கூட்டமில்லை. ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெந்நீர், ஒவ்வொன்றின் சூடும் வேறு. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்தி உண்டாக்கிய ஊற்றுகள் என்பது ஊர்க்கதை. கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியால் மொண்டு ஊற்ற வேண்டும். இந்த ஏற்பாடு சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு வசதி! கணவர் ஒவ்வொரு கிணற்றிலும் மொண்டு முழங்கையை நனைத்துப் பார்த்து, ஆகக் குறைந்த சூட்டைத் தேர்ந்தார். அதையும் கொஞ்சம் ஆறவைத்தார். மூத்தவன் ஏழு கிணற்றுக்கும் தானே பெயர் வைத்தான்: "சூடு, கொஞ்சம் சூடு, அப்பாவின் தேத்தண்ணி..." மருமகள் முதல் நாள் கடலைக் கண்டு அழுதவள். இங்கே வாளியைப் பிடுங்கித் தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டாள்.

மாலை ஐந்து மணிக்குக் கோணேசர் கோயில். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்த கற்களைக் கொண்டு 1624இல் கட்டிய கோட்டை, இன்றைக்கு பிரெட்ரிக் கோட்டை. அதன் வாசலுக்குள் நுழைந்துதான் கோயிலுக்கு ஏற வேண்டும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் வீட்டு ஆடுபோல நடமாடுகின்றன. தள்ளுவண்டியைக் கொண்டுபோயிருந்தோம், ஏற்றத்தில் அது பெரும்பாரமாகிவிட்டது. அண்ணா அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார், கணவர் சின்னவளைத் தூக்கினார். உச்சியில் காற்றும் மணியோசையும். இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவில் கீழே கடல் கருநீலமாகக் கொதித்தது. பிள்ளைகளை அங்கே இறக்கிவிடவில்லை, கையிலேயே வைத்திருந்தோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். 1980களின் பின் அவர் இங்கே வந்தது இதுதான் முதல் தடவை. அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மத்தியானம் வழக்கம்போல ஏணை. இரண்டேகால் மணி நேரம்.

ஐந்தாம் நாள், செவ்வாய்: திரும்பும் வழி

நேற்றிரவு முடிவுக்கு வந்துவிட்டோம். வழி காட்டியவர் அம்மா. நான் வருந்திக்கொண்டிருந்த அந்த மௌனத்தில் அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். "சமையலறைதானே வேண்டும்? அது உன் அண்ணாவின் வீட்டில் இருக்கிறதே. நாலு இரவு ஏன் ஹோட்டலில்?" என்று கேட்டார்.

அண்ணாவின் வீடு பாரிஸ் புறநகரில். பூங்காவுக்கு ரயிலில் போகலாம், கடைசி நிலையம் வாசலுக்கருகிலேயே. ஒரே நாளில் போய்வந்தால் பிள்ளைகள் தூங்க இடமிருக்காது என்பதால்தான் நான்கு இரவு என்று பேச ஆரம்பித்தோம். பூங்காவின் சொந்த ஹோட்டல்களில் அறையோடு டிக்கெட்டையும் சேர்த்து வாங்கினால், வரும் நாளும் போகும் நாளும் டிக்கெட்டில் அடங்கும். இரண்டு இரவு தங்கினால் மூன்று நாட்கள் பூங்காவுக்குள் போகலாம். மூன்று நாள் இந்தப் பிள்ளைகளுக்குப் போதும் என்பதை இந்த ஐந்து நாட்கள் காட்டிவிட்டன. கன்னியாவில் ஒரு வாளி தண்ணீரோடு ஒரு மணி நேரம் இருந்தவர்கள் அவர்கள்.

ஆக, இரண்டு இரவு ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில். வாசலில் நிற்கும் ஹோட்டல் எங்கள் கைக்கு எட்டாது. இருபது நிமிட நடையில் இருப்பவற்றுக்கு இலவச பஸ் உண்டு, ஆனால் தூங்கிய பிள்ளையோடு தள்ளுவண்டியை மடித்து பஸ்ஸில் ஏறுவதை நான் விரும்பவில்லை. ஏரிக்கரையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம், சமதரை, வண்டியை விரித்தபடியே தள்ளிக்கொண்டு போகலாம். ஓர் அறைக்கு நான்கு பேர் வரை. எங்கள் நால்வருக்கு ஒன்று, அண்ணா குடும்பத்துக்கும் அம்மாவுக்குமாக ஒன்று. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பூங்காவில் டிக்கெட் தேவையில்லை. மருமகளுக்குப் பெப்ரவரியில் மூன்று முடிகிறது, ஆகவே சின்னவளுக்கு மட்டும் அது பயன்படும். அந்த ஒரு டிக்கெட்டுக்காகப் பெப்ரவரிக் குளிரில் போக வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே மனம்.

மீதி நாட்கள் அண்ணாவின் வீட்டில், அம்மாவின் சமையலில்.

நான் எழுதிவைத்திருக்கும் குறிப்பு இவ்வளவுதான்: அறைகள் அடுத்தடுத்து வேண்டும், முடிந்தால் மின்தூக்கிக்குப் பக்கத்தில். குழந்தைக் கட்டில் தருவார்கள், முன்கூட்டியே சொல்லி அதன் நீளத்தைக் கேட்க வேண்டும். ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்றும் கேட்க வேண்டும். மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை அறையில். அந்த மூன்று மணி நேரத்தில் எந்த அணிவகுப்பு நடந்தாலும் சரி.

இன்று பத்து மணிக்குப் புறப்பட்டோம். அம்மா கடைசியாக மாமரத்தடிக்குப் போனார். கயிற்றை அவிழ்த்து, சாக்குத்துண்டை உதறி மடித்தார். சேலையை மட்டும் கையில் வைத்திருந்தார். "இதைப் பிரான்ஸுக்குக் கொண்டுவரலாமா?" என்று அண்ணாவிடம் கேட்டார். அண்ணா, "அங்கே கட்ட மரமில்லையே அம்மா" என்றார். "மரம் இல்லாவிட்டால் பிள்ளையைச் சுற்றிப் போர்த்தவாவது உதவும்" என்று சொல்லி, மாமர வாசனையோடு அதைத் தன் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.